அழுக்கான டைம்ஸ் ஸ்கொயரை ஏன் 'மிஸ்' பண்றாங்க? - ஸ்ட்ரிப் கிளப் ஏக்கமும் அதன் மறுபக்கமும்

நியூயார்க்கின் 42ஆவது தெருவில், ஏழாவது அவென்யூவுக்கும் எட்டாவது அவென்யூவுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு பிளாக். இன்று அங்கே மெழுகுச் சிலை மியூசியம் இருக்கிறது, டிஸ்னியின் நாடக அரங்கு இருக்கிறது, குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு செல்ஃபி எடுக்கும் சுற்றுலாப் பயணிகள் இருக்கிறார்கள். 1970களில் இதே பிளாக்கில் ஆபாசப் பட தியேட்டர்கள், பீப் ஷோ கடைகள், ஸ்ட்ரிப் கிளப்கள், போதைப்பொருள் விற்பனை எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நடந்தன. 'தி டியூஸ்' என்பது அந்தத் தெருவுக்கு உள்ளூர்க்காரர்கள் வைத்திருந்த செல்லப்பெயர்.

அந்தப் பழைய தெருவுக்காக ஏங்குகிறவர்கள் இன்று நிறைய பேர். "அழுக்கா இருந்துச்சு, ஆனா உயிரோட்டமா இருந்துச்சு" என்பதுதான் அவர்கள் பேச்சின் சாராம்சம். அதே பெயரில் ஹெச்பிஓ 2017 முதல் 2019 வரை 'தி டியூஸ்' தொடரை ஒளிபரப்பியது. அந்தக் கால நியான் பலகைகளின் புகைப்படங்கள் இன்று காபி டேபிள் புத்தகங்களாக விற்கின்றன.

ஒரு காலத்தில் நகரமே வெட்கப்பட்ட ஒரு விஷயத்துக்கு எப்படி இவ்வளவு ஏக்கம் வந்தது? அங்கே வேலை பார்த்த பெண்களுக்கும் அதே ஏக்கம் இருக்கிறதா?

அப்போ அங்கே என்னதான் இருந்துச்சு?

42ஆவது தெருவின் அரங்குகள் பெரும்பாலும் 1900களின் தொடக்கத்தில் பணக்காரர்கள் நாடகம் பார்ப்பதற்காகக் கட்டப்பட்டவை. 1930களில் பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. நாடகத்துக்குக் கூட்டம் இல்லை. சில அரங்குகள் மலிவு டிக்கெட் சினிமாவுக்கு மாறின. சில அரங்குகளில் 'பர்லெஸ்க்' வந்தது. நகைச்சுவை, பாட்டு, அதோடு மேடையில் ஆடைகளை ஒவ்வொன்றாகக் களையும் நடனம், இதுதான் பர்லெஸ்க்.

அடுத்த திருப்பம் 1966இல். மார்ட்டின் ஹோடாஸ் என்பவர் டைம்ஸ் ஸ்கொயர் புத்தகக் கடைகளில் காசு போட்டால் குறும்படம் ஓடும் மெஷின்களை வைத்தார். நம்ம ரயில் நிலையத்தில் காசு போட்டு எடை பார்க்கும் மெஷின் மாதிரி யோசித்துக்கொள்ளுங்கள். 25 சென்ட் நாணயம் போட்டால் கொஞ்ச நேரம் படம் ஓடும். நிறைய நாணயம் போட்டால் நிறைய நேரம். பிறகு அதே முறையில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெண்கள் நேரடியாக நடனமாடும் பீப் ஷோக்கள் வந்தன. காசு தீர்ந்தால் ஜன்னல் மூடிக்கொள்ளும். அவ்வளவுதான். இந்தத் தொழிலில் ஹோடாஸுக்குக் கிடைத்த பட்டம் 'பீப் ஷோக்களின் ராஜா'.

1975இல் நியூயார்க் நகராட்சி திவாலாகும் நிலைக்குப் போனது. போலீஸ், துப்புரவு உட்பட எல்லாத் துறைகளிலும் ஆட்குறைப்பு நடந்தது. 1976இல் வெளியான 'டாக்ஸி டிரைவர்' படத்தில் நீங்கள் பார்ப்பது அந்த நியூயார்க்தான்.

இந்த ஏக்கம் புதுசா?

இல்லை. இதற்கு முன்பும் ஒருமுறை இதே கதை நடந்திருக்கிறது.

1937இல் நியூயார்க் மேயர் லா கார்டியாவின் நிர்வாகம், பர்லெஸ்க் அரங்குகளின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. விளம்பரப் பலகையில் 'பர்லெஸ்க்' என்ற வார்த்தையைக் கூடப் பயன்படுத்தக் கூடாது என்று தடை வந்தது. நகரத்தின் அவமானம் என்றார்கள்.

22 ஆண்டுகள் கழித்து, 1959இல், பர்லெஸ்க் நட்சத்திரம் ஜிப்ஸி ரோஸ் லீயின் வாழ்க்கையை வைத்து 'ஜிப்ஸி' என்ற இசை நாடகம் பிராட்வேயில் மேடையேறியது. குடும்பத்தோடு போய்ப் பார்த்துக் கைதட்டினார்கள். 1990களில் 'நியோ பர்லெஸ்க்' என்ற பெயரில் அது கலை வடிவமாகவே திரும்பி வந்தது.

ஆக, ஒரு தலைமுறை 'அசிங்கம்' என்று மூடிய கடையை, அடுத்த தலைமுறை 'பொற்காலம்' என்று நினைவு வைத்துக்கொள்கிறது. டூரிங் டாக்கீஸ் என்றதும் மணல் தரையும் முறுக்கும் ஞாபகம் வரும் அளவுக்கு, கடித்த மூட்டைப்பூச்சி ஞாபகம் வருவதில்லை. அதே கணக்குதான்.

சரி, எப்படி மறைஞ்சு போச்சு?

'மேயர் ஜூலியானி வந்தார், துடைத்துப் போட்டார்' என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். உண்மையில் நான்கு விஷயங்கள் சேர்ந்து செய்த வேலை இது.

முதலாவது, நிலம். மன்ஹாட்டன் நடுவில் இருக்கும் இடத்துக்கு என்ன மதிப்பு என்று சொல்லத் தேவையில்லை. மறுசீரமைப்புத் திட்டத்துக்காக 1990இல் நியூயார்க் மாநில அரசு 42ஆவது தெருவின் பழைய அரங்குகளைக் கையகப்படுத்தியது. ஜூலியானி மேயராவது அதற்குப் பிறகு, 1994இல்தான். 1903இல் கட்டப்பட்டுப் பாழடைந்து கிடந்த நியூ ஆம்ஸ்டர்டாம் அரங்கை டிஸ்னி எடுத்துப் புதுப்பித்தது. 1997இல் அங்கே 'தி லயன் கிங்' இசை நாடகம் தொடங்கியது.

இரண்டாவது, சட்டம். வயது வந்தோருக்கான கடைகளை முழுவதுமாகத் தடை செய்தால், கருத்துச் சுதந்திரத்தைக் காக்கும் முதல் சட்டத்திருத்தம் குறுக்கே நிற்கும். ஆனால் 'எங்கே நடத்தலாம்' என்று கட்டுப்படுத்தலாம் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976இல் டெட்ராய்ட் வழக்கிலும், 1986இல் ரென்டன் வழக்கிலும் சொன்னது. இதைப் பிடித்துக்கொண்டு நியூயார்க் நகரம் 1995இல் ஸோனிங் விதியைக் கொண்டுவந்தது. இத்தகைய கடைகள் பள்ளி, வழிபாட்டுத் தலம், குடியிருப்புப் பகுதி ஆகியவற்றிலிருந்து 500 அடி தள்ளி இருக்க வேண்டும். ஒன்றுக்கொன்றும் 500 அடி இடைவெளி வேண்டும். நெருக்கமான மன்ஹாட்டனில் அப்படி ஒரு இடத்தைத் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. கடையின் பரப்பில் 40 சதவீதத்துக்குக் குறைவாக 'அந்த' சரக்கு இருந்தால் விதி பொருந்தாது என்ற ஓட்டை இருந்தது. முன்பக்க 60 சதவீத இடத்தில் குங்ஃபூ பட கேசட்டுகளையும் சுற்றுலா நினைவுப் பொருட்களையும் அடுக்கிவிட்டு, பின்பக்கம் பழைய வியாபாரத்தைத் தொடர்ந்தார்கள். இந்த '60/40' சண்டை நீதிமன்றத்தில் 20 ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது.

மூன்றாவது, எய்ட்ஸ். 1985இல் நியூயார்க் மாநிலம் சுகாதார விதிகளை மாற்றி, நோய் பரவும் அபாயம் உள்ள இடங்கள் என்று சொல்லி, பாலுறவு நடக்கும் குளியல் இல்லங்கள் போன்றவற்றை மூட அதிகாரம் கொடுத்தது.

நான்காவது, வீட்டுக்குள் வந்த டெக்னாலஜி. விசிஆர் வந்த பிறகு, தலையைக் குனிந்துகொண்டு தியேட்டருக்குள் நுழைய வேண்டிய தேவை இல்லாமல் போனது. பிறகு இன்டர்நெட் மிச்சத்தையும் முடித்தது. ஜூலியானி இல்லாவிட்டாலும் 25 சென்ட் மெஷின் பிழைத்திருக்காது.

ஏக்கத்தில் நியாயமே இல்லையா?

இருக்கிறது. அதை ஆழமாக எழுதியவர் சாமுவேல் டெலானி. கறுப்பின, தன்பாலீர்ப்பு எழுத்தாளரான இவர், 1999இல் வெளியிட்ட 'டைம்ஸ் ஸ்கொயர் ரெட், டைம்ஸ் ஸ்கொயர் புளூ' நூலில் அந்தப் பழைய தியேட்டர்களை ஒரு வாடிக்கையாளராகவே விவரிக்கிறார்.

அவர் முன்வைக்கும் வாதம் இது: மனிதர்கள் சந்திப்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, 'நெட்வொர்க்கிங்'. ஒரே துறை, ஒரே வர்க்கத்தைச் சேர்ந்தவர்கள் காரியத்துக்காகச் சந்திப்பது. மற்றொன்று 'கான்டாக்ட்'. வேறு வேறு வர்க்கம், இனம், வேலையைச் சேர்ந்தவர்கள் தற்செயலாகப் பழகுவது. மளிகைக் கடை வரிசையில் பேச்சு கொடுப்பது போல. பழைய 42ஆவது தெரு, பேராசிரியரும் கூலித் தொழிலாளியும் ஒரே இருட்டில் உட்கார்ந்து பழகிய இடம் என்கிறார் டெலானி. புதிய டைம்ஸ் ஸ்கொயரில் அதற்கு இடமில்லை. காசு செலவழித்துவிட்டு நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

தன்பாலீர்ப்பு கொண்டவர்கள் வெளிப்படையாகச் சந்திக்க வேறு இடமே இல்லாத காலத்தில், அந்தத் தியேட்டர்கள் பலருக்கு ஒரே புகலிடமாக இருந்தன. அதை இழந்தவர்களின் வருத்தத்தை 'ஆபாச ஏக்கம்' என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் டெலானி எழுதுவது டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனவரின் அனுபவம். மேடையிலும் திரையிலும் இருந்தவர்களின் கணக்கு வேறு.

திரைக்குப் பின்னால் என்ன நடந்தது?

1972இல் டைம்ஸ் ஸ்கொயரில் வெளியான 'டீப் த்ரோட்' படம்தான் ஆபாசப் படங்களின் 'பொற்காலத்தை'த் தொடங்கி வைத்ததாகச் சொல்வார்கள். பிரபலங்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். நாளிதழ்கள் அதை நாகரிகமாகவே எழுதின. சில பத்தாயிரம் டாலரில் எடுக்கப்பட்ட அந்தப் படத்துக்குப் பின்னால் மாஃபியா பணம் இருந்தது.

அதில் லிண்டா லவ்லேஸ் என்ற பெயரில் நடித்தவர் லிண்டா போர்மன். 1980இல் வெளியான தன் சுயசரிதையில், அப்போதைய கணவர் தன்னை அடித்து, துப்பாக்கியைக் காட்டி மிரட்டி இந்தத் தொழிலில் தள்ளியதாக அவர் எழுதினார். 1986இல் அமெரிக்க அரசு அமைத்த ஆணையத்தின் முன்பும் இதைச் சாட்சியமாகச் சொன்னார். ஒரு காலகட்டத்தின் 'சுதந்திரச் சின்னம்' என்று கொண்டாடப்பட்ட பெண் சொன்ன வாக்குமூலம் இது.

1979இல் 'ஆபாசப் படத்துக்கு எதிரான பெண்கள்' என்ற அமைப்பு, டைம்ஸ் ஸ்கொயரின் பீப் ஷோக்களுக்குப் பெண்களை 'டூர்' கூட்டிப்போனது. உள்ளே என்ன நடக்கிறது என்று பெண்களே நேரில் பார்க்கட்டும் என்பதுதான் நோக்கம்.

எல்லாப் பெண்களும் கட்டாயத்தால் வந்தவர்கள் என்று சொல்லிவிடவும் முடியாது. வேறு வேலைகளைவிட இதில் வருமானம் அதிகம் என்று தெரிந்தே வந்தவர்கள் உண்டு. அதனாலேயே, அவர்கள் பேசும்போது ஒழுக்கத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. சம்பளத்தைப் பற்றிப் பேசுகிறார்கள்.

சம்பளம் எப்படித் தலைகீழா மாறுச்சு?

பழைய கிளப்களில் நடனப் பெண்ணுக்கு கிளப் சம்பளம் கொடுப்பது வழக்கமாக இருந்தது. 1980களில் இருந்து இது மெல்லத் தலைகீழானது. 'ஸ்டேஜ் ஃபீ' என்ற பெயரில், மேடை ஏறுவதற்கு நடனப் பெண் கிளப்புக்குப் பணம் கட்ட வேண்டும். அதன் பிறகு டிஜே, பவுன்சர் என்று ஆளாளுக்கு டிப்ஸில் பங்கு. கூட்டமில்லாத இரவில், வேலைக்கு வந்ததற்காகவே கடனோடு வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும்.

எப்படி இது சாத்தியமானது? 'இவர் எங்கள் ஊழியர் இல்லை, சுயேச்சை ஒப்பந்ததாரர்' என்று கிளப்கள் எழுதி வாங்கிக்கொண்டன. உணவு டெலிவரி செய்பவரை 'ஊழியர்' என்று சொல்லாமல் 'பார்ட்னர்' என்று சொல்கிறார்களே, அதே உத்தி. ஆனால் எத்தனை மணிக்கு வர வேண்டும், என்ன உடை, என்ன கட்டணம் என்று எல்லாவற்றையும் தீர்மானிப்பது கிளப்தான்.

நீதிமன்றங்கள் இதைப் பலமுறை கேள்வி கேட்டிருக்கின்றன. நியூயார்க்கின் 'ரிக்ஸ் கேபரே' கிளப்பில் ஆடிய பெண்கள் ஊழியர்களே என்று 2013இல் தீர்ப்பு வந்தது. 2015இல் அந்த வழக்கு 1.5 கோடி டாலருக்கு சமரசமானது. 2018இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் ஒரு பார்சல் டெலிவரி நிறுவன வழக்கில், யார் ஊழியர் என்பதற்குக் கடுமையான அளவுகோலை வகுத்தது. டெலிவரி டிரைவருக்காக வந்த தீர்ப்பு, ஸ்ட்ரிப் கிளப்பில் ஆடும் பெண்ணுக்கும் பொருந்தியது.

பெண்களே முதலாளிகளான ஒரு கிளப்

பெண்களே திரும்பிப் பார்த்து ஏங்கும் இடம் என்று ஒன்றைச் சொல்வதென்றால், அது சான் பிரான்சிஸ்கோவில் இருந்த 'லஸ்டி லேடி'. பீப் ஷோ கிளப்தான். ஆனால் மணிக்கணக்கில் சம்பளம் கொடுத்த கிளப்.

1990களில் அங்கே ஒரு பிரச்சினை வெடித்தது. சில பூத்களில் ஒருபக்கம் மட்டும் தெரியும் கண்ணாடி இருந்தது. அதற்குப் பின்னால் இருந்து வாடிக்கையாளர்கள் ரகசியமாக வீடியோ எடுத்தார்கள். யார் எடுக்கிறார்கள் என்று ஆடும் பெண்ணுக்குத் தெரியாது. ஷிஃப்ட் ஒதுக்குவதில் நிறப் பாகுபாடு இருப்பதாகவும் புகார் எழுந்தது. பெண்கள் சங்கம் அமைத்தார்கள். 1997இல் நிர்வாகத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்தக் கண்ணாடிகள் அகற்றப்பட்டன. இந்தப் போராட்டம் 2000இல் 'லைவ் நியூட் கேர்ள்ஸ் யுனைட்!' என்ற ஆவணப்படமானது. அதை இயக்கிய இருவரில் ஒருவர் அங்கே ஆடியவர்.

2003இல் ஊழியர்களே கிளப்பை வாங்கிக் கூட்டுறவாக நடத்தினார்கள். 10 ஆண்டுகள் ஓடியது. இன்டர்நெட்டால் வருமானம் குறைந்தது, வாடகைப் பிரச்சினை நெருக்கியது. 2013 செப்டம்பர் 2 அன்று கிளப் மூடப்பட்டது. அன்று அமெரிக்காவில் தொழிலாளர் தினம்.

இன்டர்நெட்ல பிரச்சினை தீர்ந்துடுச்சா?

2016இல் தொடங்கிய 'ஒன்லிஃபேன்ஸ்' தளத்தில் பவுன்சர் இல்லை, ஸ்டேஜ் ஃபீ இல்லை. வருமானத்தில் 20 சதவீதத்தைத் தளம் எடுத்துக்கொள்ளும். கொரோனா காலத்தில் கிளப்கள் மூடியபோது பலருக்கு இதுதான் கைகொடுத்தது.

ஆனால் 2021 ஆகஸ்ட்டில், வெளிப்படையான பாலியல் காட்சிகளைத் தடை செய்யப்போவதாக அந்தத் தளம் திடீரென அறிவித்தது. சில நாட்களிலேயே பின்வாங்கியது. அந்தச் சில நாட்களில் பலருடைய பிழைப்பு ஒரே அறிவிப்பில் தொங்கியது. முன்பு கிளப் மேனேஜர் முடிவெடுத்தார், இப்போது தளம் முடிவெடுக்கிறது. ஒருமுறை பதிவேறிய வீடியோவைத் திருடிப் பரப்புவதும் சுலபம். லஸ்டி லேடி பெண்கள் அகற்றச் சொன்ன கண்ணாடி, இப்போது எல்லோர் கையிலும் செல்போனாக இருக்கிறது.

இன்னொரு இழப்பும் உண்டு. கிளப்பில் ஒப்பனை அறை என்று ஒன்று இருந்தது. எந்த வாடிக்கையாளர் ஆபத்தானவர், எந்த மேனேஜர் ஏமாற்றுகிறார் என்ற தகவல் அங்கேதான் கைமாறியது. சங்கங்களும் அங்கேதான் பிறந்தன. தனி அறையில் கேமரா முன் உட்காரும் பெண்ணுக்கு அந்தத் துணை சுலபமாகக் கிடைக்காது.

மும்பை டான்ஸ் பார்களில் நடந்தது என்ன?

வேறு நாடு, வேறு சட்டம். ஆனாலும் 'மூடிவிட்டால் அந்தப் பெண்கள் என்ன ஆவார்கள்' என்ற கேள்வி இங்கேயும் எழுந்தது. மும்பை டான்ஸ் பார்களில் பெண்கள் உடையோடுதான் ஆடினார்கள். இருந்தும் 2005இல் மகாராஷ்டிர அரசு அவற்றைத் தடை செய்தது. பல்லாயிரம் பெண்கள் வேலை இழந்தார்கள். அந்தப் பெண்களின் சங்கமும் நீதிமன்றத்துக்குப் போனது. தடை செல்லாது என 2006இல் மும்பை உயர் நீதிமன்றமும், 2013இல் உச்ச நீதிமன்றமும் கூறின. 2016இல் மாநில அரசு புதிய சட்டம் போட்டது. 2019இல் உச்ச நீதிமன்றம் அதன் கடுமையான நிபந்தனைகள் பலவற்றை நீக்கியது. பாருக்குள் சிசிடிவி கட்டாயம் என்ற விதி தனியுரிமைக்கு எதிரானது என்றது. டிப்ஸ் கொடுக்கலாம், பணத்தை வாரி இறைக்கக் கூடாது என்றும் சொன்னது.

இங்கேயும் பழைய டான்ஸ் பார்களைப் பற்றிப் படங்களும் புத்தகங்களும் வந்தபடி இருக்கின்றன. வேலை இழந்த பெண்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பது அவற்றில் அவ்வளவாக வருவதில்லை.

இப்போ என்ன கேட்கிறாங்க?

லாஸ் ஏஞ்சல்ஸில் 'ஸ்டார் கார்டன்' கிளப் பெண்கள், பாதுகாப்புக் குறைபாடுகளைச் சுட்டிக்காட்டி 2022இல் வாசலில் போராட்டம் தொடங்கினார்கள். 2023 மே மாதம், சங்கம் வேண்டும் என்று 17-0 என வாக்களித்தார்கள். அவர்கள் சேர்ந்தது 'ஆக்டர்ஸ் ஈக்விட்டி' சங்கத்தில். பிராட்வே நாடக நடிகர்களின் சங்கம் அது. பழைய 42ஆவது தெருவை காலி செய்துவிட்டு நாடகத்தைக் கொண்டுவந்தார்கள். கடைசியில் ஸ்ட்ரிப் கிளப் பெண்களும் அந்த நாடகக்காரர்களும் ஒரே சங்கத்துக்கு வந்தார்கள்.

2024 மார்ச்சில் வாஷிங்டன் மாநிலம், நடனப் பெண்களின் உரிமைகளுக்காகவே ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஒரு ஷிஃப்டுக்கு 150 டாலர் அல்லது அந்த ஷிஃப்டில் சம்பாதித்ததில் 30 சதவீதம், இதில் எது குறைவோ அதற்கு மேல் கிளப் கட்டணம் வாங்கக் கூடாது. பவுன்சர் இருக்க வேண்டும், தனி அறைகளில் அவசர பட்டன் வேண்டும், ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். கிளப்கள் மது விற்கவும் வழி செய்யப்பட்டது. காரணம், மது விற்க முடியாத கிளப்கள் வருமானத்துக்கு நடனப் பெண்கள் கட்டும் பணத்தையே நம்பியிருந்தன.

இந்தக் கோரிக்கைகளில் நியான் விளக்கும் இல்லை, 1970களும் இல்லை. ஆபத்து வந்தால் அழுத்த ஒரு பட்டன், கடனோடு வீட்டுக்குப் போகாத ஒரு இரவு. அவர்கள் கேட்பது இவ்வளவுதான். பழைய கிளப்களைப் பற்றிய அடுத்த படமோ தொடரோ உங்கள் ஓடிடி-யில் வரும்போது, வாடிக்கையாளர் கட்டிய காசு யார் கைக்குப் போனது என்றும் சேர்த்துப் பாருங்கள்.